ஏழுக்குக் குறைந்தால்

கால்பந்துச் சட்டத்தின் மூன்றாவது விதி கொஞ்சம் இரக்கம் உள்ளது. பதினோரு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தை ஏழு பேரை வைத்தும் தொடங்கலாம் என்கிறது. ஆறாகக் குறைந்தால்தான் ஆட்டம் இல்லை. பெரிய லீக்குகளில் இந்த விதிக்கு வேலையே வராது. வந்தால் அது உலகச் செய்தி. 2021 நவம்பரில் போர்ச்சுகலில் கொரோனாவால் ஆள் இல்லாமல் போன பெலனென்செஸ் அணி, ஒன்பது பேரோடு பென்ஃபிகாவை எதிர்த்து இறங்கியது. இடைவேளையில் 7-0. பிறகு ஏழு பேராகத் திரும்பி வந்தார்கள். அதில் ஒருவர் முடியாமல் உட்கார்ந்துவிட, ஆட்டம் கைவிடப்பட்டது. பல நாட்டுப் பத்திரிகைகள் அதை அவமானம் என்று எழுதின.

பெங்களூரில் பெண் பிள்ளைகள் ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நடுவர் முதலில் எண்ணுவது தலைகளைத்தான்.

இந்த ஊருக்குக் கால்பந்து புதிதல்ல. அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். தமிழ் பேசும் அந்தத் தெருக்களுக்கு 'மினி பிரேசில்' என்று பெயர். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகம் பெங்களூர்த் தமிழர். பெண்கள் பக்கமும் வெறுமையில்லை. 2020 பிப்ரவரியில் இந்திய மகளிர் லீகின் இறுதி ஆட்டம் நடந்தது இங்கேதான், பெங்களூர் கால்பந்து ஸ்டேடியத்தில். கோகுலம் கேரளா 3-2 என்று கோப்பையை எடுத்துப் போனது. ஆக, ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை, ஆசைக்கும் இல்லை. ஆளுக்குத்தான்.

நகரத்தின் கிழக்கே ஒரு செம்மண் மைதானம். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். "அக்கா, எட்டு பேர்தான்" என்றாள் கேப்டன், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. குரலில் வருத்தம்கூட இல்லை. வராதவர்களின் கதையைக் கோச் அக்கா விரல்விட்டுச் சொன்னார். ஒருத்திக்கு எஸ்எஸ்எல்சி ஸ்பெஷல் கிளாஸ். இன்னொருத்தி வீட்டில் சொந்தக்காரர் நிச்சயதார்த்தம். மூன்றாமவளின் அம்மா அபார்ட்மென்ட்டில் வேலைக்குப் போய்விட்டார், தம்பிக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள ஆளில்லை. மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே எழவில்லை.

எட்டு பேர் ஆட்டம் எப்படியிருக்கும்? சர்வதேச அளவில் மைதானம் வழக்கமாக 105 மீட்டருக்கு 68 மீட்டர். கோல்கீப்பரை விட்டுவிட்டால் பத்து பேரில் ஒவ்வொருவருக்கும் 714 சதுர மீட்டர் வரும். ஏழு பேர்தான் என்றால் 1,020. கணக்கு இப்படி, காலுக்கு இது வேறு மாதிரி தெரியும். முதலில் கைவிடுவது ஓரங்களை. விங்கை எதிரணிக்குத் தாரை வார்த்துவிட்டு, கோல் வாசலுக்கு முன்னால் நெருங்கி நிற்பார்கள். பந்தைத் துரத்தக் கூடாது, வர விட வேண்டும். த்ரோ-இன் எடுக்க நிதானமாக நடப்பார்கள். சில நிமிடங்களில் ஒரு விஷயம் புலப்பட்டது. வலது பக்கத்தில் யாரும் இல்லாத அந்தத் துண்டு நிலத்துக்குள் எதிரணி திரும்பத் திரும்ப வந்தபோதுதான், வராத அந்த மூன்றாமவள் வாராவாரம் என்ன வேலை செய்துகொண்டிருந்தாள் என்பது தெரிந்தது. அவள் கோல் அடிக்கிறவள் இல்லை. அவள் ஆடிய நாளில் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்த்ததுகூட இல்லை.

  

சரி, வராத பிள்ளை எங்கே? வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று நினைத்தால் தவறு. அவள் அங்கே மாற்று ஆட்டக்காரி. அம்மாவின் இடம் காலி; அதில் இறக்கப்பட்டிருக்கிறாள். ஆள் குறைந்தது முதலில் வீட்டில். அந்தக் குறை அங்கேயே தீர்ந்துபோகவில்லை, நகர்ந்து மைதானத்துக்கு வந்து, வலது விங்கில் நிற்கிறது. குறையை யார் சுமப்பது என்று வீட்டில் யாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. அது தானாகவே வீட்டுப் பெண்ணிடம் போய்ச் சேரும், தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல.

ஆட்டம் தொடங்குமுன் கோச் அக்கா அவள் அப்பாவுக்குப் போன் போட்டார். "அண்ணா, ஒரு ரெண்டு மணி நேரம் தம்பிய நீங்க பாத்துக்கங்க. பாப்பாவ அனுப்பி விடுங்க." ஸ்பீக்கரில் பதில் வந்தது: "நானா?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, மறுப்பும் இல்லை. நிஜமான ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை, அவரும் வீட்டில்தான் இருந்தார். ஆனால் அந்த வேலைக்கான ஆள் பட்டியலில் அவர் பெயரை இதுவரை யாரும் எழுதியதில்லை, அவர் உட்பட.

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கையில் இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதில் கழித்தார்கள், ஆண்கள் 97. ஆணுக்கு ஒரு ஆட்டமும் இஞ்சுரி டைமும். பெண்ணுக்கு அதுபோல மூன்று. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனிக் கணக்கு. கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்தே தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வலது விங் பிள்ளையும் அந்த வயது வரம்புக்குள் வருகிறவள்தான்.

மைதானத்தில் குறைந்த ஆளோடு ஆடுவதும் கஷ்டம்தான், ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம். ஓரத்தில் நிற்பவர் பார்க்கிறார், நடுவர் நேரம் பார்க்கிறார், இடைவேளை உண்டு, விசில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்குக் கீழே போனால் ஆடச் சொல்வது நியாயமில்லை என்று ஒரு எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டில் அந்த எண் எது? ஒரே ஒரு பெண் மிஞ்சினாலும் ஆட்டம் நடக்கும். அவளுக்குப் பதிமூன்று வயதானாலும் நடக்கும். ஏழுக்குக் கீழே போனால் நிறுத்து என்று சொல்ல ஒரு விளையாட்டுக்குத் தோன்றியிருக்கிறது, குடும்பத்துக்கு இன்னும் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளை வந்தாளா என்று கேட்பீர்கள். வந்தாள், இடைவேளைக்குப் பிறகு, ஆட்டோவில். பெயர் பட்டியலில் இருந்ததால் நடுவர் உள்ளே விட்டார். அதற்குள் நான்கு கோல் விழுந்திருந்தது. அவள் வந்த பிறகு ஐந்தாவதும் விழுந்தது, இடது பக்கமாக.