பூசையில் பராக்கு



சென்ற கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசை முடிந்து, ஜனங்கள் குடிலைச் சந்தித்துக் கலைந்துகொண்டிருந்த வேளையில், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார் கோவிலின் பக்கவாசலில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். (அவர் அநுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.) அவருடைய மகள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, விடுதியில் தங்கி, ராத்திரி ஷிப்டு இல்லாத நாட்களில் நம் பாடகர் குழுவில் பாடுகிறவள்.

"சாமி, எட்டு மாசம் கழிச்சு அவளைப் பாக்கேன். உன்னதங்களிலே பாட்டை அவதான் தனியா எடுத்தா. எங்க அம்மை சிலுவைப்பாதைக்குப் பாடுவாளே, அச்சு அசல் அதே குரலு. அதுக்கப்புறம் பீடத்துல என்ன நடந்துதுன்னே எனக்குத் தெரியலை. பூசை கண்ட பலன் எனக்கு உண்டா?"

நான் களைத்திருந்தேன். "உண்டு அம்மா, போய்ப் படுங்கள்" என்றேன். அது பதிலாகாது என்பது அறைக்குத் திரும்புமுன்பே எனக்குத் தெரிந்தது.

மனதறிந்து இடங்கொடுத்த பராக்கு குற்றம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். மகளின் குரலைக் கேட்டு உருகியது பராக்கா? இதே சங்கடம் அர்ச். அகுஸ்தீனாருக்கும் இருந்தது. 387-ம் ஆண்டு தம் மகனோடு மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்ற நாட்களில், கோவிலில் பாடிய கீதங்களைக் கேட்டு அவர் தேம்பி அழுதார். பிற்காலத்தில் மேற்றிராணியாராகித் தம் வாழ்வை எழுதியபோதோ, பாட்டின் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகமாய் அசைத்தால் தாம் குற்றம் செய்ததாகவே எழுதினார். அப்போது பாட்டைக் கேளாதிருப்பதே மேல் என்றும் நினைத்தார். ஆயினும் கோவிலில் பாடும் வழக்கத்தை அவர் தள்ளவில்லை. அவர் தாயார் அர்ச். மோனிக்கம்மாள் ஓஸ்தியா துறைமுகத்தில் மரித்தபோது, நண்பர் எவோதியுஸ் ஒரு சங்கீதத்தை எடுத்தார். வீட்டார் எல்லாரும் பதில் பாடினார்கள். அவரவர் குரல் அவரவர் காதில் விழாமலா இருந்திருக்கும்?

நம் தேசத்திலும் ஒரு சம்பவம் உண்டு. அந்த அம்மையாரின் ஊர்ப்பக்கமான சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்து, தஞ்சாவூரில் குடியேறியவர் ஆபிரகாம் பண்டிதர்; நம் சபையைச் சேராத கிறிஸ்தவர். 1916-ல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டில், சுருதிகளைப் பற்றிய தமது கொள்கையை வித்துவான்கள் முன்னிலையில் வைத்தார். அதை வீணையில் வாசித்துக் காட்டியவர்கள் அவர் குடும்பத்துப் பெண்களே. விஷயம் அவருடையது, விரல் அவர் வீட்டினுடையது. வாசிப்பவரை மறந்தால்தான் இசை கேட்கும் என்ற நிலை அங்கே இல்லை.

எனவே அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இது. உம் மகளின் குரல் உம்மைப் பீடத்திலிருந்து இழுக்கவில்லை. ஊரில் கிடக்கும் உம் தாயின் கல்லறையிலிருந்து பீடம்வரை ஒரு வழி போட்டது. அந்த வழியில் நீர் பாதியில் நின்று அழுதீர். அழுததைச் சர்வேசுரன் பூசைக்குப் புறம்பாக எண்ணமாட்டார். இரத்த உறவினரை நெருக்கமாய் நேசிப்பது தேவசிநேகத்தின் ஒழுங்குக்கு இசைந்ததே என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸும் போதிக்கிறார்.

உண்மையான பராக்கு எது என்றும் சொல்லிவிடுகிறேன். தம் பிள்ளை பாடும்போது செல்போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்து, அடுத்த பிள்ளை பாட ஆரம்பித்ததும் எடுத்த படத்தைக் குனிந்து பார்ப்பவர்கள் நம்மில் சிலர் உண்டு. அவர்கள் தம் பிள்ளை பாடியதையும் கேட்கவில்லை, பிறர் பிள்ளை பாடுவதையும் கேட்கவில்லை.

அர்ச். முடியப்பர் திருநாளன்று காலைப் பூசைக்கு அந்த அம்மையார் மறுபடி வந்திருந்தார். மகள் விடியுமுன்பே கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். அவளுக்குப் பதிலாகத் தியானப்பாடலைப் பாடியது, ஜார்க்கண்டிலிருந்து வந்து அதே விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண். தமிழ் வாசிக்கத் தெரியாது. காதால் கேட்டே பாடம் பண்ணியவள். இரண்டு இடத்தில் சொல் தவறிற்று. அம்மையார் முன்வரிசையில் உட்கார்ந்து கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பூசைக்குப்பின் பக்கவாசலில் மறுபடி நின்றார். அந்தப் பெண்ணின் தாயார் பெயர் என்ன, ஊரில் சௌக்கியமாயிருக்கிறார்களா என்று கேட்டார்.

ஒரு வருஷமாய் அந்தப் பெண் நம் குழுவில் பாடுகிறாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.