யார் போட்ட வரி?

2023 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில ஆளுநர் டோனி எவர்ஸ் தம் மாநிலத்தின் ஈராண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன் 51 இடங்களில் அடித்துத் திருத்தினார். அவற்றுள் ஒன்று பள்ளிகளின் வருவாய் உச்சவரம்பைப் பற்றிய வாசகம். 2023-24 பள்ளி ஆண்டிலும் 2024-25 பள்ளி ஆண்டிலும் மாணவர் ஒருவருக்கு 325 டாலர் கூட்டிக்கொள்ளலாம் என்று சட்டமன்றம் எழுதி அனுப்பியிருந்தது. ஆளுநர் முதல் ஆண்டின் 24-ஐ அடித்தார். நடுவிலிருந்த சொற்களை அடித்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்த 20-ஐயும், 24-க்கும் 25-க்கும் இடையிலிருந்த சிறு கோட்டையும் அடித்தார். எஞ்சியது 2023-2425. இரண்டு ஆண்டுக்கென்று கொடுத்த அனுமதி நானூறு ஆண்டுகளைத் தாண்டிப் போய்விட்டது. இத்தனைக்கும் புதிதாக ஓர் எழுத்துகூட அவர் சேர்க்கவில்லை.

ஆளுநர் என்றதும் இந்தியாவில் மத்திய அரசின் பரிந்துரையில் வந்தமரும் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். பண மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமைகூட அவருக்கு இல்லை. அமெரிக்க மாநில ஆளுநரோ மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர்; பொறுப்பில் நம் முதலமைச்சருக்கு நெருக்கமானவர். விஸ்கான்சின் ஆளுநரிடம் மற்ற மாநிலங்களில் காண முடியாத அளவுக்குக் கூரிய ஓர் அதிகாரம் இருக்கிறது. 1930-இல் அம்மாநில மக்கள் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு பகுதியை ஏற்று இன்னொரு பகுதியை அவர் மறுக்கலாம். செலவுகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிச் சட்டமன்றம் அனுப்பத் தொடங்கிய காலம் அது. வேண்டியதோடு வேண்டாததையும் சேர்த்துக் கட்டி அனுப்பினால் ஆளுநர் என்ன செய்வார்? அதைப் பிரிப்பதற்காகத்தான் இந்தப் பகுதி வீட்டோ வந்தது. அடித்தது போக எஞ்சுவது செயல்படக்கூடிய முழுச் சட்டமாக இருக்க வேண்டும் என்பதையே நீதிமன்றங்கள் முக்கிய நிபந்தனையாக வைத்தன. பிரிப்பதற்கு வந்த அதிகாரம் அந்த இடைவெளியில்தான் ஆக்குவதற்கும் பயன்படத் தொடங்கியது.

எவர்ஸ் அடித்த கோட்டுக்குப் பின்னால் ஒரு நியாயமான ஆதங்கம் இருந்தது. அதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. விஸ்கான்சினில் 1993 முதல் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் வருவாய் உச்சவரம்பு உண்டு. மாநிலத்தின் பொது மானியமும் உள்ளூர்ச் சொத்து வரியும் சேர்ந்து மாணவர் ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பல ஆண்டுகள் அந்த வரம்பு விலைவாசியோடு சேர்ந்து உயர்ந்துவந்தது. 2009-இல் அந்தப் பிணைப்பு அறுந்தது. 2011-இல் வரம்பே 5.5 சதவீதம் வெட்டப்பட்டது. 2021-23 திட்டத்தில் உயர்வு ஒரு டாலர்கூட இல்லை. ஆசிரியர் சம்பளம், பேருந்து எரிபொருள், மருத்துவக் காப்பீடு என்று எல்லாம் ஏறிக்கொண்டிருக்கையில் பள்ளியின் வரவு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. 2023-இல் மாநிலக் கருவூலத்தில் சுமார் 700 கோடி டாலர் உபரி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளிகளின் கோபம் புரியும். எவர்ஸ் ஆசிரியராகத் தொடங்கித் தலைமை ஆசிரியராகி, பத்து ஆண்டுகள் மாநிலப் பொதுக்கல்வித் துறையின் தலைவராக இருந்தவர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றத்தின் வாசலில் போய் நிற்கும் நிலை பள்ளிகளுக்கு வேண்டாம் என்று அவர் நினைத்ததில் தவறு காண முடியாது.

ஆனால், குழந்தைகளுக்கு நல்லது நடக்கட்டும் என்பதற்காக, யாரும் வாக்களிக்காத ஒரு சட்டத்தை ஒருவர் உண்டாக்கலாமா?

இதே அதிகாரத்தின் முந்தைய கதையைப் பார்த்தால், நல்ல நோக்கம் எவ்வளவு தூரம் துணை வரும் என்பது தெரியும். குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்சன் சொற்களுக்குள் இருந்த எழுத்துகளை அடித்துப் புதுச் சொற்களை உண்டாக்கினார். 1990-இல் மக்கள் திருத்தம் கொண்டுவந்து அதைத் தடுத்தார்கள். ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜிம் டாயில் 2005-இல் 752 சொற்களில் 20-ஐ மட்டும் விட்டுவைத்து, போக்குவரத்து நிதியிலிருந்து 42.7 கோடி டாலரை வேறு பக்கம் திருப்பினார். வெவ்வேறு வாக்கியங்களின் துண்டுகளை ஒட்டிப் புது வாக்கியம் ஆக்கக் கூடாது என்று 2008-இல் இன்னொரு திருத்தம் வந்தது. பிறகு வந்தார் ஸ்காட் வாக்கர். எரிசக்திச் சிக்கனப் பணிகளுக்காகப் பள்ளிகள் வருவாய் வரம்பைத் தாண்டலாம் என்றிருந்த சலுகையை 2018 டிசம்பர் 31 வரை நிறுத்திவைக்கச் சட்டமன்றம் முடிவுசெய்திருந்தது. 2017-இல் வாக்கர் அந்தத் தேதியில் சில இலக்கங்களை அடித்தார். 3018 டிசம்பர் என்று ஆயிற்று. பள்ளிகளுக்கு இருந்த ஒரு கதவு ஆயிரம் ஆண்டுக்கு அடைபட்டது.

எவர்ஸின் கோட்டைப் பாராட்டுகிறவர் வாக்கரின் கோட்டை எந்த முகத்தோடு கண்டிப்பார்? செய்த விதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. ஒன்று பள்ளிக்குக் கொடுத்தது, மற்றது பள்ளியிடமிருந்து எடுத்தது என்பது மட்டுமே வேறுபாடு. வழி சரிதான் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், நாளை வேறொருவர் அதே வழியில் வேறு திசைக்கு நடக்கும்போது கேட்க நியாயம் இருக்காது.

2025 ஏப்ரல் 18 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் எவர்ஸின் வீட்டோ செல்லும் என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜில் கரோஃப்ஸ்கி. 1990 திருத்தம் தடுப்பது எழுத்துகளை அடித்துப் புதுச் சொல் ஆக்குவதை. இங்கே அடிக்கப்பட்டவை சொற்களும் இலக்கங்களும். ஆண்டுக் கணக்கை நீட்டக் கூடாது என்று அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை. நீதிமன்றத்தின் வேலை அதோடு முடிந்தது. செய்யலாம் என்பதும் செய்யத் தகும் என்பதும் ஒன்றா என்று சொல்வது நீதிபதிகளின் பொறுப்பன்று. குடிமக்கள்தான் அதைச் சீர்தூக்க வேண்டும்.

இந்த வீட்டோவைக் கண்டிப்பவர்கள் முதலில் சுட்டுவது நானூறு ஆண்டு என்ற அளவைத்தான். இன்னும் பிறக்காத தலைமுறைகளின் தலையில் வரியைக் கட்டுவதா என்று கேட்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டு பார்க்கத்தான் பெரிது. எந்தச் சட்டமும் மாற்றப்படும்வரைதான் சட்டம். அடுத்த திட்டத்திலேயே இதை மாற்றலாம். ஆண்டுக்கு 325 டாலர் என்பது மாறாத தொகை. 2023-24-இல் குறைந்தபட்ச வரம்பாக இருந்த 11,000 டாலரில் அது ஏறத்தாழ 3 சதவீதம். வரம்பு உயர உயர அந்த விழுக்காடு தேயும். சில பத்தாண்டுகளில் விலைவாசிக்கு ஈடுகொடுக்கவே அது போதாமல் போகலாம்.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டுக்குள் வேறொன்று ஒளிந்திருக்கிறது, அதுதான் கனமானது. முன்பு உச்சவரம்பு உயர வேண்டுமானால் சட்டமன்றமும் ஆளுநரும் ஒத்துப்போக வேண்டும். இப்போது உயராமல் இருக்க வேண்டுமானால் இருவரும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சும்மா இருந்தால் எது நடக்கும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஆட்சியில் மிகப் பெரிய உரிமை. அது ஒரே நாளில், விவாதமின்றி, ஒருவர் கைக்கு மாறியது. அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்? 2023 ஜூன் மாதத்தில்தான் எவர்ஸும் குடியரசுக் கட்சித் தலைவர்களும் பேரம் பேசி, ஆண்டுக்கு 325 டாலர், இரண்டு ஆண்டுக்கு, என்று உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் அந்த இரண்டு ஆண்டை நம்பித்தான் வாக்களித்தார்கள். பேசி முடித்த பின் ஒரு தரப்பு மட்டும் கால அளவை மாற்றிக்கொள்வதை, அது எவ்வளவு நல்ல காரியத்துக்காக ஆனாலும், வாக்குத் தவறியது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எவர்ஸ் தரப்பில் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் ஒன்று உண்டு. அந்தச் சட்டமன்றமே மக்களை நேர்மையாகப் பிரதிபலிக்கவில்லை என்பது அது. 2022 தேர்தலில் எவர்ஸ் மாநிலம் முழுவதிலும் மூன்று விழுக்காட்டுக்கு மேல் முந்தி வென்றார்; அதே தேர்தலுக்குப் பின் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிடம் மேலவையான செனட்டின் 33-இல் 22 இடங்கள் இருந்தன. தொகுதிகள் வெட்டப்பட்ட விதம் அப்படி. 2023 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தொகுதி வரைபடத்தைச் செல்லாது என்றது. கோணலான அவையை எதிர்கொள்ளும்போது, மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஒருவர் தம் கையில் இருப்பதைப் பயன்படுத்துவது தவறா?

தவறில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் நெருக்கடியைக் காரணம் காட்டிச் செய்வது நெருக்கடியோடு முடிய வேண்டும். 2024 பிப்ரவரியில் புதிய தொகுதி வரைபடத்துக்கு எவர்ஸே கையெழுத்திட்டார். கோணல் நிமிரத் தொடங்கியது. வீட்டோவோ 2425 வரை நிற்கிறது. நானூறு என்ற எண் உறுத்துவது இந்த இடத்தில்தான். சொன்ன காரணத்துக்கும் செய்த காரியத்துக்கும் அளவு பொருந்தவில்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. உச்சவரம்பு என்பது பணம் அன்று. பணம் திரட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி. இந்த வீட்டோ வரம்பை நீட்டியது, நிதி ஒதுக்கவில்லை. மாநிலக் கருவூலத்திலிருந்து ஒரு டாலரைக்கூடப் பள்ளிக்குக் கொண்டுபோகும் சக்தி அந்தக் கோட்டுக்கு இல்லை. மாநிலம் பொது மானியத்தைக் கூட்டினால் 325 டாலரில் ஒரு பகுதி அங்கிருந்து வரும்; கூட்டாவிட்டால் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்துதான் வந்தாக வேண்டும். 2025-27 திட்டத்தில் சட்டமன்றம், வரம்பு உயரப்போகிறது என்று தெரிந்தே, பொது மானியத்தை உயர்த்தவில்லை. சிறப்புக் கல்விக்கான ஈட்டுத்தொகையை முதல் ஆண்டில் 42 சதவீதமாகவும் அடுத்த ஆண்டில் 45 சதவீதமாகவும் உயர்த்தியது உண்மை; அது நல்ல காரியமும்கூட. பொது மானியம் அப்படியே நின்றது. அந்தத் திட்டத்திலும் எவர்ஸ் கையெழுத்திட்டார்.

விஸ்கான்சினில் பள்ளிக் குழு இலையுதிர் காலத்தில் வரித் தொகையை முடிவுசெய்கிறது. டிசம்பரில் வீட்டுக்கு வரிச் சீட்டு வருகிறது. ஜனவரி 31-க்குள் முழுத் தொகையோ முதல் தவணையோ கட்ட வேண்டும். பணி ஓய்வு பெற்று, நாற்பது ஆண்டுக்கு முன் வாங்கிய வீட்டில் இருக்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வீட்டின் மதிப்பு ஏறியிருக்கிறது, ஓய்வூதியம் ஏறவில்லை. சீட்டில் பள்ளி மாவட்டத்துக்கான வரி தனி வரியில் அச்சாகியிருக்கிறது. கூடுதல் தொகைக்குக் காரணம் யார் என்று அவர் கேட்டால், மாநிலம் அனுமதித்த வரம்புக்குள்தான் வசூலிக்கிறோம் என்று பள்ளிக் குழு சொல்லும். வரம்பை நாங்கள் நீட்டவில்லை, ஆளுநர் நீட்டினார் என்பார்கள் சட்டமன்றத்தார். மானியம் தராதது சட்டமன்றம் என்பார் ஆளுநர். ஒவ்வொருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. பணம் கட்டுகிறவரின் கேள்விக்கு மட்டும் முழு விடை தர யாரும் இல்லை.

வரி என்பது ஒருவரின் உழைப்பிலிருந்து பொதுக் காரியத்துக்காகக் கட்டாயமாக எடுத்துக்கொள்வது. அதை அறமாக்குவது, எடுத்தவர் யார் என்று தெரிவதும், பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் அவரை மாற்ற முடிவதும்தான். இந்த வீட்டோ அந்தத் தொடர்பை அறுத்துவிட்டது. வறிய ஊர்களில் இது இன்னும் உறைக்கும். மாநிலத்தின் சமன்செய் மானியம் ஊருக்கு ஊர் உள்ள சொத்து வேறுபாட்டை ஓரளவு ஈடுகட்டும் நோக்கமுடையது. அதன் மொத்தத் தொகை உயராமல் வரம்பு மட்டும் உயரும்போது, அந்த ஈடு மெலிந்துகொண்டே போகும்.

மக்களிடம் நேரடியாகக் கேட்டால் தரமாட்டார்கள் என்று நினைக்கவும் காரணமில்லை. வரம்பைத் தாண்டி வரி வசூலிக்க வேண்டுமானால் பள்ளி மாவட்டம் பொதுவாக்கெடுப்பு நடத்தலாம். 2024-இல் மட்டும் மாநிலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கேள்விகள் வாக்குச்சீட்டில் வந்தன, பெரும்பான்மையானவை நிறைவேறின. மில்வாக்கி நகர மக்கள் அந்த ஏப்ரலில் 25.2 கோடி டாலர் உயர்வுக்குக் குறுகிய வித்தியாசத்தில் ஒப்புதல் அளித்தார்கள். தோற்றவர்களுக்கும் அங்கே முடிவு யாருடையது என்று தெரியும். ஆனால் வாக்கெடுப்பையே முழு மாற்று என்று சொல்ல மனம் வரவில்லை. ஊர் மறுத்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் இழக்கிறார்கள். எந்த ஊரில் பிறந்தோம் என்பதைப் பொறுத்து வகுப்பறை அமையக் கூடாது. அதனால்தான் இது மாநிலம் தழுவிய முடிவாக இருக்க வேண்டும்.

எவர்ஸ் அந்தக் கோட்டை அடிக்காமல் விட்டிருந்தால் இரண்டு ஆண்டு உயர்வு பள்ளிகளுக்குக் கிடைத்தே இருக்கும். 2025-இல் மறுபடி போராட வேண்டியிருந்திருக்கும். 2021-ஐப் போல் ஒன்றும் கிடைக்காமலும் போயிருக்கலாம். அந்த இழப்பு கற்பனையானதன்று. அதன் விலையைக் கொடுப்பவர்கள் மூன்றாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். அதையும் தெரிந்துகொண்டுதான், அடிக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 700 கோடி டாலரை வைத்துக்கொண்டு பள்ளிகளைக் காக்க வைத்த சட்டமன்றத்தின் குற்றம் இதனால் எள்ளளவும் குறையவில்லை. அவர்களின் கஞ்சத்தனத்தை மக்கள் முன் வைத்து 2024 தேர்தலில் கேட்டிருக்கலாம். வீட்டோ அவர்களுக்கு மறைவிடம் அமைத்துக் கொடுத்தது.

மூன்றாம் முறை போட்டியிடப்போவதில்லை என்று எவர்ஸ் 2025 ஜூலையில் அறிவித்துவிட்டார். அடுத்து வரும் ஆளுநரும் சட்டமன்றமும் செய்யக்கூடியது தெளிவாக இருக்கிறது. 2009-க்கு முன் இருந்ததுபோல் உச்சவரம்பை விலைவாசியோடு பிணைக்கலாம். அது உயரும் ஆண்டுகளில் பொது மானியமும் உயரும் என்று அதே சட்டத்தில் எழுதலாம். கிடைப்பது 325 டாலரைவிடக் கூடலாம், குறையலாம். அந்தத் தொகைக்கு யார் யார் வாக்களித்தார்கள் என்பது அவைக் குறிப்பில் பெயரோடு இருக்கும்.