ஒரு நாள் சேவை போதுமா?

ஜெஞ்சாரோமில் ஒரு கோயில் மண்டபம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் குழு அங்கே ஒரு சுகாதார முகாம் நடத்தியது. இரத்தத்தில் சீனி பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, உயரம், எடை எல்லாம் உண்டு. என்னை உணவு ஆலோசனை மேசையில் உட்கார வைத்தார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு நாள் பயிற்சியும் ஒரு கட்டு துண்டுப் பிரசுரமும்தான்.

ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, இப்போது தாமானில் மகன் வீட்டில் இருப்பவர். சீனி அளவு அதிகமாக இருந்தது. நான் பிரசுரத்தைப் பார்த்துச் சொன்னேன்: "சோத்த குறைங்க ஆண்ட்டி. டின் பால் வேணாம். காய்கறி நிறைய சாப்பிடுங்க." அவர் தலையாட்டினார். "சரிப்பா" என்று பிரசுரத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் நாங்கள் எல்லோரும் ஒரே நிற டி-சட்டையில் படம் எடுத்துக்கொண்டோம். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி, போன வருடத்தைவிட அதிகம் என்று சந்தோஷப்பட்டோம்.

அடுத்த வருடமும் அதே மண்டபம், அதே முகாம். அந்த அம்மா மறுபடியும் வந்தார். வலது காலில் கட்டு. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்களாம். என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"போன வருஷமும் நீதானேப்பா சொன்ன. மகனும் மருமகளும் ஷிஃப்ட் வேலை. பேரப் பிள்ளைங்களுக்கு நான்தான் சமைக்கணும். எனக்குன்னு தனியா எப்படி சமைக்கறது, எத குறைக்கறது, அதுக்குப் பதிலா எத போடறதுன்னு கேக்கலாம்னு இருந்தேன். அப்புறம் உங்க யாரையும் காணோமே."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னோடேயே இருக்கிறது. போன வருடம் நான் செய்தது யாருக்கான சேவை? அவருக்கா, எனக்கா?

நான்காவது ஆள்

திருக்குறளில் 'மருந்து' என்றொரு அதிகாரம் உண்டு, 95-ஆவது அதிகாரம். பெயர் மருந்து என்றாலும் அதில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறது. முன்பு உண்டது செரித்ததா, இப்போது உண்பது அளவாக இருக்கிறதா என்றுதான் வள்ளுவர் கேட்கிறார். அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவம் நான்கு பகுதிகளைக் கொண்டது என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் நமக்கு உடனே புரிகின்றன. நான்காவதாக, பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொள்பவரையும் அவர் சேர்த்திருக்கிறார்.

அந்த அம்மாவுக்கு மற்ற மூன்றும் கிடைத்தன. நோயாளியாக அவரே இருந்தார். அரசாங்க கிளினிக்கில் டாக்டர் இருந்தார். மாத்திரையும் கொடுத்தார்கள். நான்காவது ஆள்தான் இல்லை. நான் அந்த இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இந்த நான்காவது ஆளின் வேலைக்கு இன்று சமூக ஊட்டச்சத்துக் கல்வி என்று பெயர். நம் நாட்டில் இதன் தேவை சின்னதல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய 31 விழுக்காடு. அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஐந்தில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தது. ஒரே வீட்டில் பாட்டிக்குச் சீனி கூடுகிறது, பேரனுக்கு வளர்ச்சி குறைகிறது. இருவருக்கும் சோறு ஒரே பானையிலிருந்துதான் வருகிறது.

இன்னொருவர் தட்டைப் பற்றிப் பேச நான் யார்?

இந்தக் கேள்வியை நாம் தாண்டிப் போகக் கூடாது. சாப்பாடு என்பது அம்மாவின் கை, குலசாமி படையல், தோட்டத்து நினைவு எல்லாம் சேர்ந்தது. இருபது வயதுப் பையன் வந்து "இது தப்பு, அது தப்பு" என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அப்படிச் சொல்லக் கிளம்புவதற்கு முன் நம் சொந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகம் ஆராய்ந்த முக்கியமான நோய்களில் இதுவும் ஒன்று. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் என்பவர் ஒரு விஷயத்தைத் தொடர்ந்து கவனித்தார். தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் வருகிறது, புழுங்கலரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. 1907-இல் அதைப் புத்தகமாக எழுதினார். அதன்பின் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் இருவரும் தொழிலாளர்களிடையே சோதித்து, நோய்க்கும் தீட்டிய அரிசிக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்று இன்று நமக்குத் தெரியும்.

நம் கொள்ளுப்பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது. ஆனால் அவர்கள் அவித்த நெல் அவர்கள் குடும்பங்களைக் காத்தது. ஆகவே பாட்டி சமையலைப் பார்த்து "ஒன்றும் தெரியாதவர்கள்" என்று பேச நமக்கு உரிமை கிடையாது. அதே சமயம், "எங்க தாத்தா இதத்தான் சாப்பிட்டு நல்லா இருந்தாரு" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தாத்தா விடியற்காலையில் எழுந்து பால் வெட்டினார், வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாம் கார் ஓட்டிப் போய், எட்டு மணி நேரம் உட்கார்ந்து, இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சாப்பிடுகிறோம். உடம்பு செய்யும் வேலை மாறிவிட்டது, தட்டிலும் டம்ளரிலும் உள்ளது மாறிவிட்டது. அதை நாமும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிராடனுக்கு அந்த உண்மை பிடிபட்டதற்குக் காரணம், அவர் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் இருந்து யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். இன்னொருவர் தட்டைப் பற்றிப் பேசும் உரிமை அந்த வழியில்தான் வரும் என்று நினைக்கிறேன். முதலில் அந்த வீட்டில் உட்கார வேண்டும். அவர்கள் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். மாதக் கடைசியில் அடுக்களையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குப் பிறகு பேசலாம்.

தமிழ்நாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1980-இல் அங்கே ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு, சாதாரணமாகத் தொண்ணூறு நாளுக்கு, சத்துணவு கொடுத்து, கூடவே தாய்க்கும் சொல்லிக்கொடுப்பார்கள். இந்த வேலைக்கு அந்தந்தக் கிராமத்துப் பெண்களையே எடுத்தார்கள். வசதியில்லாத குடும்பமாக இருந்தும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்தவரா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். குறைந்த காசில் எப்படிச் சமாளிப்பது என்று அவருக்குத் தெரியும், அதனால் அவர் சொன்னால் மற்ற தாய்மார்கள் கேட்பார்கள். அந்தப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு நன்றாகவே குறைந்தது. அந்தப் பெண்களுக்குச் சம்பளம் அதிகமில்லை. ஆனால் அது அவர்களுடைய வேலை. அடுத்த மாதமும் அதே வீட்டுக்குப் போயாக வேண்டும்.

சம்பளம் வாங்கினால் சேவையா?

இங்கேதான் நம் இளைஞர்கள் பலர் குழம்புகிறார்கள். சேவை என்றால் இலவசமாகச் செய்ய வேண்டும், காசு வாங்கினால் புண்ணியம் போய்விடும் என்று ஒரு எண்ணம். வீட்டிலோ நேர்மாறாகச் சொல்வார்கள்: "இவ்வளவு படிச்சிட்டு கீரை சாப்பிடுன்னு சொல்றதுக்கா? இன்ஜினியரிங் போ, சேவையெல்லாம் ஞாயித்துக்கிழமை செஞ்சுக்கலாம்." இரண்டு பேச்சும் போய்ச் சேருவது ஒரே இடத்துக்குத்தான். மக்களுக்கான வேலை ஞாயிற்றுக்கிழமை மிச்ச நேரத்தில் செய்யும் வேலையாகிவிடுகிறது.

கீதையைப் படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். பலனில் பற்று வைக்காதே என்றுதான் கண்ணன் சொல்கிறார், கூலி வாங்காதே என்று சொல்லவில்லை. அப்படியானால் அந்த முகாமில் பலனில் பற்று வைத்தது யார்? நான்தான். குழுப் படம், கைதட்டல், "நல்ல பிள்ளைங்க" என்ற பேச்சு, இதெல்லாம் எனக்குக் கிடைத்த பலன். அது அன்று மாலையே கிடைத்துவிட்டதால் திரும்பிப் போகத் தோன்றவில்லை. ஒரு வெள்ளிகூட வாங்காமலேயே நான் பலனை முழுசாக எடுத்துக்கொண்டேன்.

சம்பளம் வாங்குகிறவர் எல்லோரும் உண்மையாக உழைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மணி பார்த்து வேலை செய்பவர்களையும் நமக்குத் தெரியும். ஆனால் தொழிலாக ஏற்றவரிடம் நாம் கணக்குக் கேட்கலாம். "போன மாசம் ஏன் வரல?" என்று அந்த அம்மா கேட்க முடியும். தொண்டரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை, வந்ததே பெரிசு என்று நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலை தொடங்கினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. நாம் அன்னதானத்தைப் பெருமையாகப் பேசும்போது, எத்தனை பேருக்குப் போட்டோம் என்பதைத்தான் சொல்கிறோம். வடலூரின் பெருமை அடுத்த நாளும் அடுப்பு மூட்டியதில் இருக்கிறது.

ஜெஞ்சாரோமில் இது எப்படி இருக்கும்?

திரும்பத் திரும்பப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஜெஞ்சாரோம் மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு வாங்குவதை நிறுத்தியபோது, அந்தக் குப்பையில் ஒரு பகுதி இந்த ஊருக்கு வந்தது. சட்டவிரோத ஆலைகள் இரவில் எரித்தன. குடியிருப்பாளர்கள் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் பல ஆலைகள் மூடப்பட்டன. ஒரு நாள் கூட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தால் அது நடந்திருக்காது.

இளைஞர் பணியும் ஊட்டச்சத்துப் பணியும் வேறு வேறு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சாயங்கால டியூஷனில் ஒரு பையன் தூங்கி விழுகிறான். சோம்பேறி என்று முத்திரை குத்திவிடுகிறோம். மத்தியானத்திலிருந்து ஒரு பாக்கெட் மொறுமொறுப்பும் ஒரு டின் கேஸ் தண்ணியும்தான் அவன் வயிற்றில் இருக்கிறது என்பது, அவனோடு பழகும் அண்ணனுக்கோ அக்காவுக்கோதான் தெரியும். டியூஷனுக்கு முன் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்துப் பாருங்கள். நவராத்திரி ஒன்பது நாளோடு அதை நிறுத்துவானேன்?

அந்தப் பையனையே கணக்குப் போட விடுங்கள். டின்னில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்று எழுதியிருந்தால், 320 மில்லிலிட்டரில் 32 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல். அந்தச் சீனியை அவனே அள்ளி ஒரு கிளாசில் போட்டுப் பார்க்கட்டும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறையை, அதாவது பாதித் தட்டு காய்கறி பழம், கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ என்பதை, வாழை இலையில் வைத்துக் காட்டட்டும். பையன்களும் சமைக்கட்டும். பதினைந்து வயதில் ஒரு பருப்பும் முருங்கைக்கீரையும் சமைக்கத் தெரிந்தவன், நாளைக்கு ஷிஃப்ட் முடிந்து வரும் மனைவியிடம் "என்ன சமையல்?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான்.

இதைத் தொழிலாக எடுக்க வழியும் இருக்கிறது. யூபிஎம், யூகேஎம், யூஎஸ்எம் பல்கலைக்கழகங்களில் ஊட்டச்சத்து, உணவியல் படிப்புகள் உள்ளன. 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் இந்த இரண்டு தொழில்களும் இடம்பெற்றுள்ளன. சம்பளம் ஒன்றும் பிரமாதமாக இருக்காது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தமிழில் பேசி, நம் அடுக்களை தெரிந்து, நம் ஊருக்கே திரும்பி வரும் ஆட்கள் தேவை. எஸ்பிஎம் முடித்து என்ன படிப்பது என்று யோசிக்கும் தம்பி தங்கச்சிகள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் "சேவை செய்யப் போறேன்" என்று சொல்லாதீர்கள். "தொழில் கத்துக்கப் போறேன்" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.

எல்லோரும் இந்தத் தொழிலுக்குப் போக முடியாது. மற்றவர்கள் நம் கிளைகளில் ஒன்று செய்யலாம். அடுத்த முகாமில் முந்நூறு பேருக்குச் சீனி பார்த்துவிட்டுக் கலைவதற்குப் பதிலாக, பத்து வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு முறை போங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களை அரசாங்க கிளினிக் உணவு ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள், மருந்து விஷயத்தில் நாமாக எதுவும் சொல்ல வேண்டாம். அறிக்கையில் எழுத எண்ணிக்கை சின்னதாக இருக்கும். பரவாயில்லை.

அந்த அம்மாவிடம் அன்று நான் முகவரி வாங்கிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை கையில் பிரசுரம் இல்லாமல் போனேன். அவர் கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பித்தோம்: ஒரே பானையில் பேரப் பிள்ளைகளுக்கும் தனக்கும் எப்படிச் சமைப்பது. ஒரு நாளில் விடை கிடைக்கவில்லை. கிளம்பும்போது, "மறுபடி எப்பப்பா வருவ?" என்று கேட்டார். தேதி சொல்லிவிட்டு வந்தேன்.