குழந்தையின் கரப்பானும் தாய் மீது சுமத்தும் பழியும்

நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃத்.

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அல்லாஹ்வைப் பயந்து வாழும்படி முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

இந்த மிம்பரில் இதுவரை நான் பேசாத ஒரு விஷயத்தை இன்று பேசப்போகிறேன். போன வாரம் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தேன். வாசலில் ஒரு சகோதரி கைக்குழந்தையோடு நின்றார். ஓதிப் பார்க்கக் கொண்டுவந்திருந்தார். குழந்தையின் இரண்டு கன்னமும் சிவந்து, தோல் உரிந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. சொறிந்துவிடக் கூடாது என்று இரண்டு கைக்கும் உறை மாட்டியிருந்தார்கள். கூட வந்த மாமியார் சொன்னார்: "ஹஜ்ரத், இவ மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னைக்கு வெளியே வந்துட்டா. கருவாடு, கத்திரிக்கான்னு கரப்பான் பண்டத்தையெல்லாம் தின்னா. சொன்னா கேக்கல. இப்ப பிள்ளை அனுபவிக்குது."

அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். நான் ஓதி ஊதினேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் பல வருடங்களுக்கு முன்னால் என் மூத்த மகளுக்கு இதே நோய் வந்தபோது, இதே பழியை என் மனைவி மீது சொன்னவன் நான். ஏழு வருடம் அரபிக் கல்லூரியில் ஓதிய ஆலிம் நான். ஆனாலும் சொன்னேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

கிரகணம் யாருக்காகவும் பிடிப்பதில்லை

சகோதரர்களே! பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் சிறு குழந்தையாக இருக்கும்போதே வஃபாத்தானார். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியனே இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்த அந்தத் துக்கத்திலும் நபி (ஸல்) அவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்ற கருத்தில் தெளிவாகச் சொன்னார்கள். புகாரியில் பதிவான செய்தி இது.

நபியின் மகனுக்காகவே பிடிக்காத கிரகணம், நம் தெருவில் ஒரு கர்ப்பிணி வாசலுக்கு வந்ததற்காக அவள் பிள்ளையின் தோலைக் கெடுக்குமா? பெருமானார் நேரடியாக மறுத்த ஒரு நம்பிக்கையை வைத்து ஒரு முஃமினான பெண்ணைக் குற்றவாளி ஆக்குகிறோமே, இது எவ்வளவு பெரிய தவறு!

இந்த நோய் எங்கிருந்து வருகிறது?

என் மகளுக்கு ஐந்து மாதத்தில் ஆரம்பித்தது. முதலில் கன்னம், பிறகு கை கால். நம் ஊரில் கரப்பான் என்போம். மருத்துவர்கள் எக்ஸிமா என்கிறார்கள். அந்த மருத்துவர் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது சின்ன வயசுல இழுப்பு, அடுக்குத் தும்மல் இருந்துச்சா?"

எனக்கு இருந்தது. பத்து வயது வரைக்கும் இழுப்புக்காக என் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அது குடும்ப வழியில் வரக்கூடியது என்று மருத்துவர் விளக்கினார். இழுப்பு, தும்மல், கரப்பான் மூன்றும் சொந்தக்கார நோய்கள். தகப்பன் வழியிலும் வரும், தாய் வழியிலும் வரும். நம் தோல் செங்கல் சுவர் மாதிரி. செங்கல்லுக்கு நடுவே பூச்சு சரியாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் ஈரம் நிற்கும், வெளியே இருக்கும் தூசும் கிருமியும் உள்ளே வராது. அந்தச் சுவரைக் கட்ட உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அதற்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 2006-ல் கண்டறிந்தார்கள். இந்தக் குறை மட்டுமே காரணம் அல்ல, இன்னும் பல காரணங்கள் சேர்கின்றன. ஆனால் தாய் தின்ற கத்திரிக்காய் அந்தப் பட்டியலில் இல்லை.

நான் மனைவி மீது போட்ட பழி, பார்த்தால் என் வழியில் வந்ததாக இருக்கலாம். அன்று அந்த அறையில் நான் வெட்கித் தலை குனிந்தேன்.

இன்னொன்றும் கேளுங்கள். "பிறந்ததிலிருந்து ஒழுங்காகக் கிரீம் தடவியிருந்தால் வந்திருக்காது" என்று சிலர் சொல்வார்கள். பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்துச் செய்து, 2020-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஒரு வருடம் தினமும் தடவியும் அது நோய் வராமல் தடுக்கவில்லை. வந்த பிறகு தடவுவதுதான் வைத்தியம். ஆகவே வந்ததற்குத் தாயைக் கேட்காதீர்கள்.

அரிப்பு அற்பமான விஷயமா?

"சொறிதானே, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கலாம். மார்க்கம் என்ன சொல்கிறது பாருங்கள்.

ஆண்களுக்குப் பட்டு ஹராம். நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) இருவருக்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டாடை அணிந்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அந்த இருவரும் சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் உள்ளவர்கள். போர்க்களம் கண்டவர்கள். அவர்களிடமே "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பெருமானார் சொல்லவில்லை. தோலுக்கு இதமான துணியைக் கொடுத்தார்கள்.

ஹுதைபிய்யாவில் கஅப் பின் உஜ்ரா (ரலி) இஹ்ராமில் இருந்தார். தலையில் பேன் பெருகி முகத்தில் உதிர்ந்தது. அதைப் பார்த்த நபி (ஸல்) அவர்களே அவரிடம் விசாரித்தார்கள். தலையை மழித்துக்கொண்டு அதற்குப் பரிகாரம் செய்யச் சொன்னார்கள். சூரத்துல் பகராவின் 196-வது வசனம் இது சம்பந்தமாகத்தான் இறங்கியது. ஒரு மனிதரின் தலையில் இருந்த தொந்தரவுக்காக அல்லாஹ் வஹீ இறக்குகிறான்! அப்படியானால் இரவெல்லாம் சொறிந்து அழும் ஐந்து மாதக் குழந்தையின் அரிப்பு அல்லாஹ்விடத்தில் அற்பமா?

ஜைத்தூன் எண்ணெய்யும் நான் செய்த தவறும்

மருத்துவர் இரண்டு மருந்து எழுதினார். ஒன்று ஈரப்பசைக்கு, ஒன்று வீக்கத்துக்கு. இரண்டாவதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று யாரோ சொன்னதும் நான் பயந்துபோய் அதை நிறுத்தச் சொன்னேன். ஓதிய தண்ணீரும் ஜைத்தூன் எண்ணெய்யும் போதும் என்றேன். இரண்டு வாரத்தில் புண்ணில் சீழ் வைத்து, மஞ்சள் பொருக்குத் தட்டி, காய்ச்சல் வந்துவிட்டது. நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஜைத்தூன் பரக்கத்தான மரம். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் பரக்கத்தானது என்றால் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்று பொருள் இல்லை. பலவீனமான தோலில் அந்த எண்ணெய் தடுப்பை இன்னும் குறைக்கக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெருமானாரே ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு மருந்தைச் சொன்னார்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையும் இட்டார்கள்.

அபூதாவூதில் ஒரு சம்பவம். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். அவர்கள் கூடாது என்றார்கள். அவர் குளித்தார், இறந்தார். நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்து, அவர்கள்தான் அவரைக் கொன்றார்கள் என்றும், அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதே என்றும் கருத்துப்படச் சொன்னார்கள். தெரியாமல் மார்க்கம் சொன்னதற்கே இந்தக் கண்டிப்பு. தெரியாமல் வைத்தியம் சொல்லும் நாமும் பயப்பட வேண்டும்.

அய்யூப் (அலை) அவர்களுக்கு என்ன நோய் என்று குர்ஆன் சொல்லவில்லை. ஆனால் ஷிஃபா எப்படி வந்தது என்று சொல்கிறது. காலால் பூமியைத் தட்டச் சொல்லி, குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீரைக் கொடுத்தான் ரப்பு (38:42). நாடினால் ஒரு சொல்லில் குணமாக்கியிருப்பான். ஆனாலும் காலைத் தட்டு என்றான். துஆவும் வேண்டும், காரணத்தைத் தேடுவதும் வேண்டும். ஓதிப் பார்க்க என்னிடம் வாருங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மருத்துவரிடமும் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மருத்துவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். குழந்தையை வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடத்துக்குள் குளிப்பாட்டுங்கள். வாசனை சோப்பு, பயத்தமாவு தேய்ப்பு, பவுடர் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, தோல் ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத ஈரப்பசைக் கிரீமை உடம்பு முழுக்கத் தாராளமாகத் தடவுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது. நன்றாக இருக்கும் நாளிலும் விடக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். சாம்பிராணிப் புகை, அத்தர், சிகரெட் புகை குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம்.

ஸ்டீராய்டு மருந்தில் இரண்டு பக்கமும் வரம்பு மீறுகிறோம். என்னைப் போலப் பயந்து நிறுத்துபவர்கள் ஒரு பக்கம். சீட்டே இல்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கி, முகம் சிவப்பாகும் என்று மாதக்கணக்கில் தடவுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் தவறு. மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன அளவு, சொன்ன நாள் வரை. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய மருந்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும்.

திடீரென்று வலியோடு சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து காய்ச்சலும் அடித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உதட்டில் அக்கி போன்ற கொப்புளம் உள்ளவர்கள் இந்தக் குழந்தைகளை முத்தமிட வேண்டாம்.

இது ஒட்டுவாரொட்டி அல்ல. மதரஸாவில் "அவன் பக்கத்தில் உட்காராதே" என்று சொல்லி அனுப்பும் பெற்றோரே, அந்தப் பிள்ளையின் உள்ளத்தை உடைத்துவிடாதீர்கள்.

தாய்மார்களுக்கு

கர்ப்ப காலத்தைப் பலவீனத்தின் மேல் பலவீனம் என்று அல்லாஹ் வர்ணிக்கிறான் (31:14). பல பெண்களுக்கு அப்போது அரிப்பு புதிதாக வரும், பழைய கரப்பான் திரும்பும். ஈரப்பசைக் கிரீம் தாராளமாகத் தடவலாம். மருத்துவர் கொடுக்கும் மிதமான களிம்புகளையும் கர்ப்பிணிகள் பயன்படுத்தலாம். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். ஆகவே கர்ப்பம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கடைசி மாதங்களில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரித்தால் அது ஈரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் ஆபத்து. அன்றே காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

பிள்ளைக்குக் கரப்பான் வராமல் இருக்க மீன், முட்டை, பால் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்துவதால் நோய் தடுக்கப்படுவதில்லை, தாய்தான் நலிகிறாள். குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகம் இருந்தால் மருத்துவர் முடிவு செய்யட்டும். மார்பில் புண் இருந்தால் பால் கொடுத்த பிறகு மருந்து தடவி, அடுத்த முறை கொடுக்குமுன் துடைத்துவிடுங்கள். பாத்திரம் தேய்த்தே கை வெடிக்கும் தாய்மார்கள் உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை போடுங்கள். ஒளூ செய்ததும் கையைத் துடைத்துக் கிரீம் தடவுங்கள். எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தால் அடுத்த ஒளூவுக்குத் தடை இல்லை. தண்ணீர் படாத அளவுக்குக் கட்டியாக இருந்தால் துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

தகப்பன்மார்களே, உங்கள் பங்கு எங்கே?

பாலூட்டுவதைப் பற்றிப் பேசும் வசனத்திலேயே, பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய் துன்புறுத்தப்படக் கூடாது என்று அல்லாஹ் சட்டம் வைத்தான் (2:233). பழி போடுவதும் துன்புறுத்தல்தான். பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்ட நினைத்து நிற்பார்கள். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால் தாயின் மனம் கஷ்டப்படும் என்று தொழுகையையே சுருக்குவார்கள். ஒரு தாயின் தவிப்புக்காகத் தொழுகையைச் சுருக்கிய நபியின் உம்மத் நாம். நம் நாக்கையாவது சுருக்க வேண்டாமா? வீட்டில் இருக்கும்போது பெருமானார் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இரவுக் கிரீம் என் வேலையானது. இஷா முடிந்து வந்ததும் மகளை மடியில் வைத்துத் தடவுவேன், ஓதுவேன். அவள் வளர வளரக் குறைந்தது. பல பிள்ளைகளுக்கு அப்படிக் குறையும், சிலருக்கு நீடிக்கும். இன்றும் குளிர்காலத்தில் முழங்கை மடிப்பில் வரும். "அத்தா, கிரீம்" என்று கையை நீட்டுவாள்.

அந்தச் சகோதரி இதைப் படித்தால், அம்மா, உங்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அன்று வாசலில் வைத்தே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவரைப் போன்ற மருமகளோ மகளோ உள்ள வீட்டார், இன்று வீட்டுக்குப் போனதும் இதை அவர்களிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! நோயால் வாடும் எங்கள் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களுக்காக விழித்திருக்கும் தாய்மார்களின் ஒவ்வொரு இரவையும் இபாதத்தாக ஏற்றுக்கொள்வாயாக! அறியாமல் நாங்கள் போட்ட பழிகளை மன்னிப்பாயாக! மருத்துவர்களின் கைகளில் பரக்கத் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.