யாருடைய மயிலிறகு?

2019 மார்ச் 7-ஆம் தேதி எங்கள் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் லாரியில் கொண்டு வந்து வேதிக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆற்றை ஒட்டிய பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வாந்தி, தலைசுற்றல், மூச்சுத் திணறல். ஆயிரக்கணக்கானவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள். 13-ஆம் தேதி வட்டாரத்தின் 111 பள்ளிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நான் அப்போது படிவம் மூன்று. பள்ளி இல்லை என்று சந்தோஷப்பட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அம்மா ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, கதவு இடுக்கில் ஈரத்துணி அடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். "அது என்ன கேஸ்?" கண்டுபிடிக்கப்பட்டது ஒன்று அல்ல. பென்சீன், டொலுவீன், சைலீன், அக்ரைலோநைட்ரைல், அக்ரோலின், ஹைட்ரஜன் குளோரைடு, மீத்தேன் என்று ஒரு பட்டியலே வந்தது. கோப்பிக்கடையில் பட்டியலைக் கேட்டவர்களுக்குத் திருப்தி இல்லை. "சரி, அதிலே எது?" என்றார்கள். நமக்கு எப்போதும் ஒரு பெயர் வேண்டும். ஒரு பெயர் கிடைத்தால் ஒரு குற்றவாளி கிடைத்த மாதிரி.

இப்போது நான் வேதிப் பொறியியல் படிக்கிறேன். "அதிலே எது?" என்ற கேள்வி சில சமயம் தப்பான கேள்வி என்று படிக்கப் படிக்கத்தான் புரிகிறது. கிம் கிம் ஒரு வகையில் சுலபமான விவகாரம். வாடை இருந்தது, ஆம்புலன்ஸ் இருந்தது, சட்டத்தை மீறிய கை ஒன்று இருந்தது. நான் எழுத வந்தது வாடையே இல்லாத, யாருமே சட்டத்தை மீறாத ஒரு விஷயத்தைப் பற்றி.

நம் உடம்பில் ஹார்மோன்கள் எவ்வளவு கொஞ்சமாக வேலை செய்கின்றன என்று நினைத்தால் பயமாக இருக்கும். ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் வருவது ஒரு பிகோகிராம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இருப்பது அந்தப் பிகோகிராம் கணக்கில்தான். செல்லுக்குள் அதற்கென்று ஒரு பூட்டு இருக்கிறது, ஹார்மோன்தான் சாவி. பிளாஸ்டிக்கிலும் பூச்சிமருந்திலும் சோப்பிலும் அழகுசாதனத்திலும் இருக்கும் சில வேதிப்பொருள்கள் அந்தப் பூட்டில் அரைகுறையாகப் பொருந்துகிற கள்ளச்சாவிகள். அசல் சாவியைவிட ஆயிரம், பத்தாயிரம் மடங்கு பலவீனமானவை. ஆனாலும் சாவிகள்.

இது தெரிய வந்த கதையே சுவாரசியம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் என்ற இரண்டு பேர் மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அந்தச் செல்கள் பெருகும், கொடுக்காவிட்டால் சும்மா இருக்கும். 1987-இல் ஒரு நாள், கொடுக்காமலேயே பெருக ஆரம்பித்தன. யாரோ கை தவறி ஹார்மோனைக் கலந்துவிட்டார்களோ என்று ஆய்வுக்கூடம் முழுக்கத் தேடினார்கள். கடைசியில் பார்த்தால், குற்றவாளி அவர்கள் திரவம் வைத்திருந்த பிளாஸ்டிக் குழாய். தயாரிப்பாளர் பிளாஸ்டிக்கின் கலவையை மாற்றியிருந்தார்கள். அதிலிருந்து நோனைல்ஃபீனால் என்ற பொருள் கசிந்திருக்கிறது. 1991-இல் அதை வெளியிட்டார்கள். வெறும் டப்பா என்று நாம் நினைப்பது செல்லுக்கு வெறும் டப்பா இல்லை.

அடுத்த கதைதான் என்னைத் தூங்கவிடவில்லை. 2002-இல் லண்டனில் எலிசபெத் சில்வா, நிசங்க ராஜபக்ச, ஆண்ட்ரியாஸ் கார்டென்காம்ப் மூவரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். மனித ஈஸ்ட்ரோஜன் பூட்டைப் பொருத்திய ஈஸ்ட் செல்களை எடுத்துக்கொண்டார்கள். பிஸ்பீனால் ஏ, பாராபென், பென்சோஃபீனோன் என்று எட்டுப் பலவீனமான கள்ளச்சாவிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். (அதில் ஒன்று ஜெனிஸ்டீன், சோயாவில் இயற்கையாகவே இருப்பது. உடனே தௌஃபூவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நான் சொல்ல வருவது அது இல்லை.) ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டால் எந்த விளைவும் தெரியாத அளவுக்குக் குறைத்துக்கொண்டு, எட்டையும் ஒன்றாகக் கலந்தார்கள். விளைவு நன்றாகவே தெரிந்தது. கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பின் பொருள்: ஒன்றுமில்லாததிலிருந்து ஏதோ ஒன்று.

மாயம் எதுவும் இல்லை, வெறும் கூட்டல்தான். தனித்தனியாக "விளைவு இல்லை" என்று நாம் எழுதி வைப்பது உண்மையில் பூஜ்யம் இல்லை. நம் கருவிக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, அவ்வளவுதான். தெரியாத எட்டுச் சின்னது சேர்ந்தால் தெரிகிற ஒன்று. கண்ணாடித் தட்டில் ஈஸ்ட் செய்வதெல்லாம் மனுஷ உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் உடம்பு ஒரே ஒரு வேதிப்பொருளோடு மட்டும் ஒரு நாளும் இருந்ததில்லை. 2003-04-இல் அமெரிக்காவில் சோதித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிறுநீரில் பிஸ்பீனால் ஏ இருந்தது. அது ஒரு பொருள் மட்டும்தான். மற்றதையும் எண்ண ஆரம்பித்தால் பட்டியல் நீளும்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். எட்டுத் தொழிற்சாலைகள், எட்டுப் பொருள்கள், ஒவ்வொருவரும் சட்டம் அனுமதித்த வரம்புக்குள். ஒருவரும் பொய் சொல்லவில்லை, இரவோடு இரவாக ஆற்றில் எதையும் கொட்டவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் வயிற்றில் வளரும் குழந்தைக்கு ஏதோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பாவம் யாருக்கு?

திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொன்னது தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். லேசான இறகுதான், அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிய குறள். ஆனால் அங்கே வண்டிக்காரர் ஒருவர்தான். ஏற்றுகிறவருக்கு மொத்தக் கணக்கு தெரியும், நிறுத்தவும் முடியும். நம் விஷயத்தில் ஆளுக்கொரு இறகு வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது. அச்சு முறிந்த பிறகு ஒவ்வொருவரும் தன் இறகை எடுத்துக் காட்டி, "இதுவா முறித்தது? நிறுத்துப் பாருங்க" என்பார்கள். நிறுத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்!

எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் பத்துப் பேர் என்று எழுதியிருக்கும். பதினோராவது ஆள் ஏறினால் மணி அடிக்கும். எல்லாரும் அவரை முறைப்பார்கள், அவர் அசடு வழிய இறங்குவார். பாரம் அவருடையது மட்டுமா? முதலில் ஏறியவரின் கிலோவும் அவருடைய கிலோவும் ஒன்றுதான். கடைசியாக வந்ததுதான் அவர் செய்த தப்பு. லிஃப்டுக்காவது மணி இருக்கிறது. உடம்புக்கு அதுவும் கிடையாது.

என் பாட்டி கூலாய் பக்கம் ஒரு தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் டேங்க், வாயில் ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. தோட்டங்களில் மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் நம் தமிழ்ப் பெண்கள் ஏராளம். 2002-இல் தெனாகனிதா அமைப்பு இந்தப் பெண்களின் உடல்நிலையைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட்டை நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. கடைசியில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. பாட்டியிடம் ஒரு நாள், "என்னென்ன மருந்து அடிச்சீங்க பாட்டி?" என்று கேட்டேன். "எதுன்னு யாருடா சாமி சொன்னாங்க? கலக்கிக் கொடுத்தாங்க, அடிச்சோம். ஒரு மாசம் ஒரு வாடை, அடுத்த மாசம் வேற வாடை" என்றார். அவருக்கு இன்றுவரை இருக்கும் தோல் எரிச்சலுக்கு எந்த மருந்து காரணம் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மருந்துதான் காரணமா என்றும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எது என்று காட்ட முடியாத ஒரே காரணத்தால் யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா?

போன வருஷம் எங்கள் கிளையின் அன்னதான ஏற்பாட்டுக் கூட்டத்தில் இது வேறு வடிவில் வந்தது. வழக்கம்போலப் பாலிஸ்டைரீன் பெட்டி, சூடான சாம்பாருக்குப் பிளாஸ்டிக் பை. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து கசிவது கூடும், வாழை இலைக்கு மாறலாமே என்றேன். ஓர் அண்ணன் சிரித்துக்கொண்டே, "தம்பி, வருஷத்துக்கு ஒரு வேளை சாப்பாடு. இதனால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நம்ம நோக்கம் நல்லது. பலனை எதிர்பாராம கடமையைச் செய், கீதையே சொல்லுது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் நல்லவர், காலை மூன்று மணிக்கே வந்து வெங்காயம் நறுக்குகிறவர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த ஒரு பெட்டியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் காலையில் தே தாரிக் கட்டிக் கொடுத்த பையும், மத்தியானம் அலுவலகத்தில் சூடாக்கிய டப்பாவும், எங்கள் பெட்டியும் ஒரே உடம்புக்குள்தான் போகின்றன. எல்லாரும் "என்னுடையது ஒரு வேளைதான்" என்கிறார்கள். அது எல்லாருக்கும் உண்மையாக இருப்பதுதான் சிக்கல்.

கீதை விஷயத்தில் எனக்கு அண்ணனோடு உடன்பாடு இல்லை. பலனில் பற்று வைக்காதே என்பது வேறு, பலனைக் கணக்கில் எடுக்காதே என்பது வேறு. புகழ் வருமா, புண்ணியம் சேருமா என்ற கவலையை விடச் சொல்கிறது. சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகும் என்ற கவலையை விடச் சொல்லவில்லை. அதே கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கிருஷ்ணர் லோக சங்கிரகம் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். உலகம் சிதறாமல் சேர்ந்து நிற்பதைக் கருதிச் செயல்படு என்பது அதன் கருத்து. நாம் வினையைத் தனி ஆள் கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். என் வினை எனக்கு, உன் வினை உனக்கு. என் பங்கு எவ்வளவு சின்னது என்று அளப்பதைவிட, எந்தக் கூட்டுத்தொகையில் என் பங்கு போய்ச் சேருகிறது என்று பார்ப்பதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

"அப்படிப் பார்த்தால் வாழவே முடியாதே" என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் பயந்தால் பைத்தியம் பிடிக்கும். அதோடு, என் அப்பா இதே பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில்தான் ஷிஃப்ட் வேலை செய்கிறார். என் படிப்புச் செலவு அங்கிருந்துதான் வருகிறது. தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் வரம்பு என்பதை நாம் புரிந்துகொள்கிற விதத்தை மாற்றலாம். வரம்பு வரை ஊற்றுவது என் உரிமை என்று நினைக்கிறோம். ஆறு ஒன்று, உடம்பு ஒன்று, அதில் இருக்கிற இடமும் பொதுவானது. நான் விளிம்பு வரை நிரப்பினால் அடுத்தவருக்கு இடமில்லை. பாலம் கட்டுகிறவர்கள் கணக்குப்படி தாங்கும் பாரத்தை அப்படியே ஏற்றுவதில்லை, ஒரு பாதுகாப்புக் காரணியால் வகுத்துக்கொள்கிறார்கள். கலவைகளுக்கும் அப்படி ஒரு வகுத்தல் வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2020-இல் தன் வேதிப்பொருள் திட்டத்தில் சொன்னது.

வரம்பும் நிலையானது அல்ல. நம் நாட்டில் பிஸ்பீனால் ஏ உள்ள பால் புட்டிகளுக்கு 2012 மார்ச் 1 முதல் தடை. அதற்கு முந்தின நாள் விற்ற புட்டி சட்டப்படி சரிதான். ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் அதே பொருளுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்றது. 2023-இல் அதை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. 20,000 மடங்கு! இடைப்பட்ட எட்டு வருஷம் "வரம்புக்குள்" என்று கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

அந்தக் கையெழுத்துதான் என்னை உறுத்துகிறது. இன்னும் இரண்டு வருஷத்தில் நானும் ஏதாவது ஒரு ஆலையின் கழிவுநீர் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவனாக இருப்பேன். 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளின் அட்டவணையில் பாதரசத்துக்கு ஒரு வரி, காட்மியத்துக்கு ஒரு வரி, ஃபீனாலுக்கு ஒரு வரி இருக்கிறது. பிஸ்பீனால் ஏ-வுக்கு வரியே இல்லை. இல்லாத வரியில் நான் என்ன எழுதுவது? மேலாளரிடம் அதைப் பற்றிக் கேட்கிற தைரியம் முதல் மாதச் சம்பளம் வாங்கிய பிறகும் இருக்குமா? கூட்டத்தில் ஓர் அண்ணன் சிரித்ததற்கே உட்கார்ந்தவன் நான்.

வாழை இலைக்கும் பாக்கு மட்டைத் தட்டுக்கும் இரண்டு இடத்தில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். பெட்டியைவிடக் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டு வரச் சொல்லலாம் என்று பாட்டி யோசனை சொன்னார். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுந்திருக்கப் போகிறேன். அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "கணக்கோட வா தம்பி, பேசுவோம்" என்றார்.