தீட்டும் நஞ்சும்

ஒருவன் தொட்டான் என்பதற்காகச் சோற்றைத் தெருவில் கொட்டிய நாடு இது! தொட்ட கையில் நஞ்சிருந்ததா? எவரும் ஆராய்ந்தாரில்லை. பிறப்பே சான்று, அதுவே தீர்ப்பு!

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தபோது நடந்தது வேறு. ஆய்வுக்கூடம் அதில் கண்டது ரோடமின்-பி. துணிக்கு ஏற்றும் சாயம். குழந்தையின் கண்ணுக்கோ அது வெறும் ரோஜா நிறம். (நிறத்திற்கு மயங்குவதில் பெரியவர்கள் மட்டும் என்னவாம்!)

பாலசமுத்திரத்திலிருந்து பழனித் திருவிழாவுக்குச் செல்லும் தோழர்களே! அங்கே அதிகாரி ஒருவர், கழியில் பொட்டலங்கள் கட்டி விற்கும் ஏழையிடமிருந்து அவற்றைப் பறிமுதல் செய்தால், நம் நெஞ்சம் எவர் பக்கம் நிற்பது? அவன் அன்றைய கூலியை இழந்தான், உண்மை. ஆனால் அதை வாங்கித் தின்பதும் ஏழையின் குழந்தைதானே!

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பறிக்கும் அதிகாரத்தை மட்டும் தரவில்லை. மாதிரியை 4 கூறாக்கச் சொல்கிறது. விற்பவன் கேட்டால் ஒரு கூறு வேறு ஆய்வுக்கூடம் செல்லும். காரணமின்றித் தொல்லை தரவே பறித்த அதிகாரிக்கு 1 இலட்சம் ரூபாய் வரை தண்டம். தீட்டுக் கற்பித்த எந்தச் சாத்திரம் ஒதுக்கப்பட்டவனுக்கு மறுவிசாரணை தந்தது?

ஒரு குறை மட்டும். கழி சுமப்பவன் எளிதில் அகப்படுகிறான். அவனுக்குச் சாயப்பொடியை விற்ற மொத்த வியாபாரியின் கிடங்கை முதலில் பூட்டுக!