கை மாறும் கடிகாரம்

விற்கும் பொருளுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்று விரும்புவது பாவமா? மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைக் கொடுத்து, ஓர் ஆடு வாங்கி வரும்படிப் பணித்தார்கள். அவர்கள் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கினார்கள். அவற்றில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, மற்றோர் ஆட்டையும் கொடுத்தனுப்பிய தீனாரையும் கொண்டு வந்து சேர்த்தார்கள். இந்தச் சாமர்த்தியத்தை நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும்படி துஆச் செய்தார்கள். புகாரி ஷரீபில் உள்ள செய்தி இது. விலைவாசி ஏறிய ஒரு சமயம், விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் வந்து கேட்டபோதும் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆகவே, பேரம் பேசுவதும் கூடுதலாகக் கேட்பதும் குற்றமல்ல. குற்றம் நுழைகிற வாசல் வேறு.

இன்று நம் வீடுகளுக்குள் ஸ்மார்ட் வாட்ச் வந்துவிட்டது. வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள் கையில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். தொழுகை நேரத்தைச் சொல்கிறது. நடந்த தூரத்தைக் கணக்கிடுகிறது. நாடித் துடிப்பையும் எண்ணுகிறது. இரண்டு மூன்று வருடங்களில் புதிய மாடல் மீது ஆசை வந்துவிடுகிறது. பழையதை விற்று, மேலே கொஞ்சம் போட்டுப் புதியதை வாங்கலாம் என்று தோன்றுகிறது. எப்படி விற்றால் நல்ல விலை போகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எப்படி விற்றால் அந்தப் பணம் ஹலாலாக வீட்டுக்குள் வரும் என்று கேட்பவர்கள் சிலர்தாம்.

வாப்பா கட்டிய சாவிக் கடிகாரத்தை மகன் கட்டி, பேரனும் கட்டிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதை விற்பதானால், வாங்குபவர் சாவி கொடுத்துப் பார்ப்பார், காதில் வைத்துப் பார்ப்பார். குறை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். இந்தப் புதுக் கடிகாரத்தின் குறைகளெல்லாம் உள்ளே இருக்கின்றன. இரண்டு வருடம் கட்டியவருக்கு அவை நன்றாகத் தெரியும். பத்து நிமிடம் கையில் வாங்கிப் பார்ப்பவருக்குத் தெரியாது.

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். இக்கடிகாரங்களில் இருப்பது லித்தியம் பேட்டரி. சார்ஜ் ஏற ஏற அதன் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறையும். ஆயிரம் முறை முழுமையாகச் சார்ஜ் செய்த பின் முதலில் இருந்த அளவில் 80 சதவீதம் வரை நிற்கும்படித் தன் கடிகாரங்களைச் செய்திருப்பதாக ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. இப்பொழுது எவ்வளவு நிற்கிறது என்பதைக் கடிகாரத்தின் உள்ளேயே பார்க்கலாம். ஆனால் எங்கே பார்ப்பது என்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! விற்பவர் காலையிலிருந்தே சார்ஜரில் போட்டு வைத்து, ஆள் வரும் நேரத்தில் எடுத்து, "பாருங்கள், 100 இருக்கிறது" என்று காட்டுகிறார். அது பொய்யா? இல்லை, 100தான் இருக்கிறது. ஆனால் அஸர் நேரத்துக்குள் அது இருபதுக்கு இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

இதே வேலையை அரபு நாட்டில் ஆட்டை வைத்தும் ஒட்டகத்தை வைத்தும் செய்திருக்கிறார்கள். சந்தைக்குக் கொண்டுபோகும் முன் சில நாட்கள் பால் கறக்காமல் விட்டுவிடுவார்கள். மடி பருத்து, நிறையப் பால் தரும் பிராணி போலத் தோன்றும். மடியில் இருப்பது உண்மையான பால்தான். ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் மூன்று நாட்கள் வரை யோசித்து, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உரிமையும் அளித்தார்கள். திருப்பிக் கொடுக்கும் சட்டத்தில் ஷாபிஈ மத்ஹபுக்கும் ஹனபி மத்ஹபுக்கும் கருத்து வேற்றுமை உண்டு. அந்தச் செயல் ஆகுமானது என்று எந்த இமாமும் சொல்லவில்லை. சார்ஜ் ஏற்றி வைப்பதில் தவறில்லை. அந்த 100ஐக் காட்டி, பேட்டரியின் நிலைமையைக் கேட்கவிடாமல் செய்வதுதான் மடியைக் கட்டுகிற வேலை.

கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்று வாதிப்பவர்கள் உண்டு. மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதென்று வியாபாரி சொன்னார். நனைந்ததற்காக அவர்மீது குற்றம் காணவில்லை. மழை அவர் கையில் இல்லையே. நனைந்ததை மக்கள் கண்ணில் படும்படி மேலே வைக்காததைத்தான் கண்டித்தார்கள். மோசம் செய்பவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரியிடம் எவரும் கேட்டு, அவர் மறைத்ததாக அந்த ஹதீஸில் இல்லை. கேளாமலே காட்ட வேண்டியது அவர் கடமையாக இருந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துக் கூறும் ஒரு நிகழ்ச்சி இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் அவ்விடத்தில் இருந்தார்கள். ஆனால் கவனம் வேறெங்கோ இருந்தது. வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போன பிறகுதான் கவனித்தார்கள். பின்னாலேயே ஓடிக் கூவி அழைத்து, கறிக்காக வாங்கினீரா, பயணத்துக்காக வாங்கினீரா என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றதும், அதன் குளம்பில் ஓர் ஓட்டை உண்டு, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் வாஸிலா (ரலி) அவர்களிடம் வருத்தப்பட்டார். குறையைச் சொல்லாமல் விற்பதும், அறிந்தவர் சொல்லாதிருப்பதும் ஆகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டிருப்பதாக வாஸிலா (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள்.

அந்த 100 திர்ஹத்தைச் சற்று யோசியுங்கள். உண்மையைச் சொன்னால் விலை தானாக ஏறும் என்று சிலர் உபதேசிக்கிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். பல சமயங்களில் விலை குறையத்தான் செய்யும். மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பாருங்கள். உண்மையைச் சொல்லிக் காட்டி விற்கும் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துபோகும் என்பதுதான் ஹதீஸில் வந்திருக்கும் வாக்குறுதி. கையில் வரும் தொகை கூடும் என்று அதில் இல்லை. வாஸிலா (ரலி) அவர்கள் கேட்ட கேள்வியும் கவனிக்கத்தக்கது. எதற்காக வாங்குகிறார் என்று கேட்டுவிட்டே குறையைச் சொன்னார்கள். நேரம் பார்க்க மட்டும் வாங்கும் கல்லூரி மாணவனுக்கு நாடித் துடிப்பை எண்ணும் பாகம் சரியாக வேலை செய்யாதது சிறிய குறை. வீட்டிலுள்ள இருதய நோயாளியின் மணிக்கட்டில் கட்டுவதற்காக ஒருவர் வாங்கினால், அதே குறை மிகப் பெரியது. மாரடைப்பை இது கண்டறியாது என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்திருக்கிறது. அப்படியிருக்க, "இதைக் கட்டினால் பயமே இல்லை" என்று சொல்லி ஒரு முதியவர் தலையில் கட்டுவது எத்தகைய வியாபாரம்?

எதெல்லாம் குறை என்ற சந்தேகம் எழலாம். வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்கிறதோ அது குறை என்று குதூரி, ஹிதாயா முதலிய ஹனபி சட்ட நூல்கள் ஓர் அளவுகோலைத் தந்திருக்கின்றன. நமக்கு இது மிகவும் பயன்படும். சென்னை ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ கடை வைத்திருப்பவரிடம் போய், எதெதற்கு விலையைக் குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். திரை மாற்றப்பட்டிருந்தால் குறைப்பார். வெளியில் திறந்து பழுது பார்த்திருந்தால் குறைப்பார். திறந்த கடிகாரத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு முன்போல் இராது. நம்மவர்கள் தினம் ஐந்து வேளை ஒளூச் செய்பவர்கள். கழற்றாமலே, நகர்த்தி அடியில் தண்ணீர் படும்படிச் செய்துகொள்பவர்கள் பலர். இவர்களுக்குத் தண்ணீர் விஷயத்தை மறைப்பது இன்னும் மோசம்.

புதிய சாஃப்ட்வேர் இனி வராது என்பதும் அந்த அளவுகோலின்படி குறைதான். 2015இல் ஆப்பிள் நிறுவனம் முதன்முதலாகக் கடிகாரம் விற்றபோது 18 காரட் தங்கத்திலும் ஒன்று செய்தது. விலை 10,000 டாலரிலிருந்து தொடங்கியது. 2018இல் வந்த புதிய சாஃப்ட்வேர் அதற்குக் கிடையாதென்று நிறுத்திவிட்டார்கள். தங்கம் தங்கமாகவே இருக்கிறது. கடிகாரத்துக்கு மூன்றே வருடத்தில் வயதாகிவிட்டது. (ஆண்களுக்கு எப்படியும் அது ஆகாது என்பது வேறு விஷயம்.) 2024இல் அதே நிறுவனம் தன் நான்காம், ஐந்தாம் வரிசைக் கடிகாரங்களுக்கும் நிறுத்தியது. இது தெரிந்தவர் தெரியாதவரிடம் விற்கும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆப்பிள் கடிகாரம் ஐபோனுடன் மட்டுமே சேரும். 2021 முதல் வரும் சாம்சங் கேலக்ஸி கடிகாரங்கள் ஐபோனுடன் சேரா. வாங்குபவர் கையில் என்ன போன் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விற்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

கொஞ்சம் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில் புதிய கடிகாரத்தை அறிவிக்கும். அறிவித்ததும் பழையதன் விலை இறங்கும். ஆகஸ்டிலேயே விற்றுவிடு என்று விவரம் தெரிந்தவர்கள் யோசனை சொல்கிறார்கள். இது மறைப்பதாகுமா? பொருளுக்குள் இருக்கும் குறை வேறு, சந்தைச் செய்தி வேறு என்று நாம் கருதுகிறோம். ஊரறிந்த செய்தியை வாங்குபவரும் அறிந்துகொள்ள முடியும். நேரம் பார்த்து விற்பதில் தடையில்லை. ஆயினும் ஒரு வரம்பு உண்டு. வெளியூரிலிருந்து சரக்குக் கொண்டு வருபவர்களை, அவர்கள் சந்தைக்கு வந்து விலையை அறியும் முன்பே வழிமறித்து வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் வியாபாரத்தை முறிக்கும் உரிமையையும் அவர்களுக்கு வழங்கினார்கள். ஒன்றும் அறியாதவரின் அறியாமையையே முதலாக்கிச் சம்பாதிப்பது ஆகாது என்று இதிலிருந்து விளங்குகிறது. "உங்களை நம்பித்தான் வாங்குகிறேன் காக்கா, விலையை நீங்களே சொல்லுங்கள்" என்று பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்றால், அவனிடம் செப்டம்பரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உள்ளது உள்ளபடி, பிறகு வந்து கேட்கக் கூடாது" என்று சொல்லி விற்பதும் இன்று சகஜம். எல்லாக் குறைகளிலிருந்தும் பொறுப்பை நீக்கிக்கொண்டு விற்கும் நிபந்தனை ஹனபி மத்ஹபில் செல்லும். ஷாபிஈ மத்ஹபில் இதற்கு மிகக் குறுகிய இடமே உண்டு. அறிந்த குறையை அந்த நிபந்தனைக்குள் மறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ள ஒரு வழக்கைப் பார்க்க வேண்டும். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் இப்படி நிபந்தனையிட்டு அடிமை ஒருவரை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர் நோய் ஒன்றைக் கண்டு முறையிட்டார். விற்கும்போது அக்குறை தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்ய வேண்டும் என உஸ்மான் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய மறுத்துத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். பின்னர் நோய் நீங்கி 1,500 திர்ஹத்துக்கு விலை போனது. நிபந்தனை எத்தனை இறுக்கமாயினும், தெரிந்ததா தெரியாதா என்ற கேள்வியே அங்கு முன்னின்றது.

இன்னொருவர் கூடுதலாகக் கேட்டுவிட்டார் என்று இல்லாத ஒருவரைச் சொல்லி விலை ஏற்றுவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. நண்பனை ஏவி விலை கேட்கச் செய்வது ஹதீஸில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்ட நஜ்ஷ்.

நேர்மையாக விலையைக் கூட்டும் வழிகள் இல்லாமலில்லை. பெட்டி, பில், உடன் வந்த சார்ஜர் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். அழுக்கை மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள். கீறலை ஒட்டுத்தாளால் மறைக்காதீர்கள். கடைக்காரர் தம் லாபத்தையும் ஆபத்தையும் கழித்துக்கொண்டே விலை சொல்வார். நேரில் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு விற்றால் பெரும்பாலும் கூடக் கிடைக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, போனிலிருந்து கடிகாரத்தின் இணைப்பை முறையாக நீக்குவது. நீக்கினால் ஆப்பிள் கடிகாரத்தில் உள்ளவை அழிந்துவிடும். ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டும் விலகும். நீக்காமல் கொடுத்தால் வாங்கியவருக்கு அது கண்ணாடித் துண்டுதான். அதோடு, உங்கள் உடம்பின் செய்திகளும் வீட்டுப் பெண்களிடமிருந்து வந்த தகவல்களும் அந்நியர் கைக்குப் போகும். அமானிதம் என்பது பிறர் பொருளுக்கு மட்டுந்தானா?

வாங்குபவருக்கும் இதில் பங்குண்டு. ஒரு பெண் பட்டுத்துணி ஒன்றை விற்க வந்து 100 கேட்டபோது, இது அதற்கு மேல் பெறும் என்றார்கள் இமாம் அபூஹனீபா (ரஹ்). அப்பெண் நூறு நூறாக ஏற்றி 400 வரை வந்தும், இன்னும் பெறும் என்றார்கள். பரிகாசம் செய்கிறீரா என்று அவர் கேட்க, மதிப்புப் போட ஓர் ஆளை அழைத்து வரச் செய்து, முடிவில் 500 கொடுத்து வாங்கியதாக அவர்களுடைய வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள்.

இன்றைக்கு அந்த இடத்தில் யார் நிற்கிறார்? கணவர் மவுத்தாகிவிட்டார். அவர் கட்டியிருந்த கடிகாரம் அலமாரியில் கிடக்கிறது. அது வாரிசுகளின் சொத்து. அதில் எதீம்களான பிள்ளைகளுக்கும் பங்குண்டு. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. பூட்டிய கடிகாரம் உதிரிப் பாகத்துக்குத்தான் ஆகும் என்று ஒருவர் அற்ப விலைக்குக் கேட்கிறார். வாங்கியதற்கான ஆதாரங்களைக் காட்டி விண்ணப்பித்தால் அப்பூட்டை நீக்கித் தர நிறுவனத்தில் வழி இருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. விலை பேசும் முன், அலமாரியில் அந்தப் பழைய பில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும்படி அவர் சொல்ல வேண்டும்.